அச்சாணியும் இறப்பர்த் துண்டும்

கண்டி மாநகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் அமைந்தது. குருநாகலோ ஏறத்தாழ 120 மீற்றர் உயரத்தில் மட்டுமே உள்ளது. கட்டுகஸ்தோட்டையிற் புறப்பட்டுக் குருநாகல் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை இந்த உயர வேறுபாட்டை எங்கேனும் ஓரிடத்தில் இறங்கித்தானே தீர்க்க வேண்டும்? அவ்வாறு மலைநாடு தாழ்நிலத்துக்குக் கைகொடுக்கும் இடங்களுள் ஒன்றே கலகெதர. கண்டி இராச்சியத்தின் வாயில்களுள் ஒன்றாக விளங்கிய கணவாய் இது. 1803ஆம் ஆண்டில் கண்டியின்மீது படையெடுத்த ஆங்கிலேயர், இங்கிருந்த காவலரணைக் கடந்தே மேலேறினர் என்பது வரலாறு. இன்று அக்காவலரண் இல்லை. ஆனால் இறக்கமும் வளைவுகளும் இருக்கின்றன. அவற்றில் ஏறி இறங்கும் ஒவ்வொரு வாகனத்தையும் அவை இன்றும் சோதித்துக்கொண்டேயிருக்கின்றன.

அவ்வாகனங்களுள் ஐம்பது அறுபது வயதைக் கடந்த மோட்டார்க் கார்களும் உண்டு என்பதை நம் நாட்டவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மொறிஸ் மைனர், ஒஸ்ரின், ஹில்மன் என்னும் பெயர்கள் பிரித்தானியாவில் பொருட்காட்சிக்குரியவையாய்ப் போன பின்பும், இலங்கையில் அவை சந்தைக்கும் கோயிலுக்கும் பாடசாலைக்கும் போய் வந்தன. இதற்குக் காரணம் பழமைப் பற்று மட்டுமன்று. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியினால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இன் பின்னரே அக்கட்டுகள் தளர்ந்தன. மீண்டும் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் திறந்துவிடப்பட்டது. இத்தகைய நாட்டில் பழைய காரைப் பேணுதல் பொழுதுபோக்கு என்பதினும் குடும்பப் பொருளாதாரம் என்பதே பொருந்தும்.

ஆனால் பேணுதல் என்றால் என்ன? பெரும்பாலோர் வர்ணத்தைப் பார்ப்பர், துரு அகற்றுவர், எஞ்சினைக் கழற்றிப் பூட்டுவர், ஆசனத்துக்குப் புதிய உறை தைப்பர். இவ்வளவும் செய்தபின், காரின் உடலெங்கும் சிறு சிறு துண்டுகளாய் ஒளிந்திருக்கும் இறப்பரை மறந்துவிடுவர். "அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்பது நம் முன்னோர் மொழி. இக்காலத் தேருக்கு அச்சாணி எது என்று கேட்டால், இந்த இறப்பர்த் துண்டுகளே என்று நாம் கூறுவோம். இவ்வாரம் அவற்றைப் பற்றியே வாசகர்களுடன் உரையாட எண்ணுகிறோம்.

முதலில் ஒரு குடும்பத்தில் எழுந்த வழக்கைக் கூறுகிறோம். கலகெதரப் பகுதியில் நமக்கு அறிமுகமான ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் காலமானார். அவர் விட்டுச்சென்ற மொறிஸ் மைனர் கார், கொட்டிலிலே தார்ப்பாய் போர்த்தியபடி பதினொரு ஆண்டுகள் நின்றது. தங்கையின் திருமணத்துக்காக இலண்டனிலிருந்து வந்த மகன், அக்காரிலேயே மணமகளைக் குருநாகலுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதிலே குறை கூற ஒன்றுமில்லை. ஆயின் அவர் இன்னுமொரு நிபந்தனை விதித்தார். "அப்பாவின் கை பட்ட பொருள் ஒன்றையும் மாற்றக்கூடாது. எல்லாம் பழையபடியே இருக்க வேண்டும்" என்றார். தங்கைக்கோ அதில் உடன்பாடில்லை. "அண்ணா, கார் ஓட வேண்டுமா, காட்சிக்கு நிற்க வேண்டுமா? அதை முதலில் முடிவு செய்யுங்கள்" என்று அவள் கேட்டாள்.

வழக்கு, அவ்வூரிலே நெடுங்காலமாகக் கராஜ் நடத்திவரும் முதியவர் ஒருவரிடம் போயிற்று. ஊரார் யாவரும் அவரை 'நானா' என்றே அழைப்பர். அவர் காரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ஓடுற வண்டியை விட நிக்கிற வண்டிதான் தம்பி கெதியாக் கெட்டுப்போகும்" என்றார். இந்த ஒரு வாக்கியத்தினுள் ஒரு நூல் அளவு இரசாயனம் அடங்கியிருக்கிறது. அதனை விளக்கிவிட்டு இவ்வழக்கின் தீர்ப்புக்கு வருவோம்.

இறப்பர் மரத்தின் பால் ஐசோப்பிரீன் என்னும் சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கிற் கைகோத்த நீண்ட சங்கிலிகளைக் கொண்டது. பச்சை இறப்பரில் இச்சங்கிலிகள் ஒன்றையொன்று பற்றாமல், இடியப்பச் சிக்கல்போலக் கிடக்கும். ஆகவே அது வெயிலில் இளகி ஒட்டும், குளிரில் விறைக்கும். 1839ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்ல்ஸ் குட்இயர், இறப்பருடன் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் இக்குறை நீங்குவதைக் கண்டார். கந்தக அணுக்கள் சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையே பாலம் அமைக்கின்றன. இழுத்தால் நீளவும் விட்டாற் பழைய வடிவுக்கு மீளவும் செய்வது இப்பாலங்களே. இம்முறைக்கு வல்கனைசுப்படுத்தல் என்று பெயர். வீதியோரக் கடைகளில் நாம் காணும் 'வல்கனைசிங்' பலகைக்கும் இதுவே மூலம்.

இப்பாலங்கள் அளவோடு இருக்கும்வரை இறப்பர் இளமையோடு இருக்கும். ஆனால் காலம் சும்மா இருப்பதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசன் சங்கிலிகளை மெல்ல மெல்லத் தாக்குகிறது. சில இடங்களில் சங்கிலி அறுந்து இறப்பர் பிசுபிசுக்கிறது. வேறு சில இடங்களில் வேண்டாத புதிய பாலங்கள் தோன்றி அது கல்லாக இறுகுகிறது. வெப்பம் இதனைத் துரிதப்படுத்தும். ஏறக்குறைய 10 பாகை செல்சியசு கூடினால் இத்தகைய தாக்கத்தின் வேகம் இரட்டிக்கும் என்பது இரசாயன மாணவர்கள் அறிந்த பொது விதி. எஞ்சினுக்கு அருகிலுள்ள இறப்பர் விரைந்து மூப்படைவதன் காரணம் இதுவே.

ஒட்சிசனிலும் கொடியது ஓசோன். சாதாரணக் காற்றிலே பத்துக் கோடிப் பங்குக்கு இரண்டு மூன்று பங்கு ஓசோன் இருந்தாலே போதும். இழுபட்ட நிலையிலுள்ள இயற்கை இறப்பரில் அது வெடிப்பை உண்டாக்கிவிடும். இறப்பர்ச் சங்கிலியிலுள்ள இரட்டைப் பிணைப்புகளே அதன் இலக்கு. வெடிப்புகள் எப்பொழுதும் இழுவைத் திசைக்குக் குறுக்காகவே தோன்றும். ரயரின் பக்கச் சுவரிலும், வளைந்திருக்கும் குழாயின் முதுகிலும் நாம் காணும் மெல்லிய கோடுகள் ஓசோனின் கையெழுத்தாகும்.

இனி, நிற்கின்ற வண்டி ஏன் விரைவிற் கெடுகிறது? ரயர் செய்யும்பொழுது அதில் ஒருவகை மெழுகும் பாதுகாப்புப் பொருள்களும் கலக்கிறார்கள். ரயர் உருண்டு நெளியும்போது அவை மேற்பரப்புக்குக் கசிந்து வந்து, ஓசோன் அணுகாதபடி கவசமாகப் படிகின்றன. நின்றுவிட்ட ரயரில் இக்கசிவு போதாது. பிரேக் சிலிண்டரினுள்ளும் அவ்வாறே. அங்குள்ள இறப்பர்க் கிண்ணம், ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கிற் குந்தியிருக்கிறது; அதன் விளிம்பை ஒட்டி இரும்பு துருப்பிடிக்கிறது. மீண்டும் மிதித்த அன்று, அத்துரு இறப்பரின் உதட்டைக் கிழிக்கிறது. ஓய்வு மனிதருக்கு நன்மை தரலாம், இறப்பருக்கு அன்று.

சிறிய இறப்பர்த் துண்டு ஒன்றின் தவறு எவ்வளவு பெரிய விளைவைத் தரும் என்பதற்கு உலகம் அறிந்த சான்று ஒன்று உண்டு. 1986 ஜனவரி 28ஆம் திகதி, அமெரிக்காவின் சலெஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட 73 வினாடிகளிற் சிதறி, அதிலிருந்த எழுவரும் மாண்டனர். அதன் ராக்கெட் பகுதிகளின் மூட்டை அடைத்திருந்த இறப்பர் வளையம், அன்றைய கடுங்குளிரில் மீள்தன்மை இழந்து நின்றதே முதற் காரணம் எனக் கண்டார்கள். விசாரணைக் குழுவிலிருந்த இயற்பியல் அறிஞர் ரிச்சர்ட் ஃபைன்மன், அவ்விறப்பரில் ஒரு துண்டைப் பனிக்கட்டி நீரில் அமிழ்த்தி, அது உடனே பழைய வடிவுக்கு மீளவில்லை என்பதை எல்லோர் முன்னிலையிலும் காட்டினார். அங்கே குளிர் செய்ததை, நம் கொட்டில்களில் முதுமை செய்கிறது. வடிவம் இருக்கும், மீளும் சக்தி இராது.

மொறிஸ் மைனர் காரில் இவ்வபாயம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதைப் பார்ப்போம். அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வடிவமைத்த இக்கார், 1948இல் இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. 1970களின் தொடக்கம்வரை 16 இலட்சத்துக்கும் அதிகமான கார்கள் செய்யப்பட்டன. இதன் பிரேக் திரவத்தினால் இயங்குவது. மிதிபலகையை அழுத்தியதும், ஓட்டுநரின் காலடியில், தளத்தின் கீழுள்ள மாஸ்டர் சிலிண்டர், திரவத்தை உலோகக் குழாய்கள் வழியே நான்கு சக்கரங்களுக்கும் தள்ளுகிறது. சக்கரம் மேலும் கீழும் அசைவதால், உலோகக் குழாயின் முடிவில் வளையக்கூடிய இறப்பர் ஹோஸ் தேவைப்படுகிறது. முன்னே இரண்டு, பின்னே ஒன்று, ஆக மூன்று.

இக்காலக் கார்களில் பிரேக் திரவம் இரு தனி வழிகளிற் செல்லும். ஒன்று பழுதானால் மற்றையது காக்கும். மைனரிலோ வழி ஒன்றே. மூன்று ஹோஸ்களில் ஒன்று வெடித்தாலும், நான்கு சக்கரங்களின் கால்பிரேக்கும் ஒருங்கே போய்விடும். எஞ்சுவது பின்சக்கரங்களைப் பிடிக்கும் கைப்பிரேக் மட்டுமே. சமநிலத்தில் இது தொல்லை. கலகெதர இறக்கத்தில் இது உயிர்ப் பிரச்சினை.

இப்பொழுது கராஜுக்குத் திரும்புவோம். நானா முன்சக்கரத்து ஹோஸைக் கழற்றி மகனிடம் கொடுத்தார். வெளித்தோற்றத்தில் அதிலே வெடிப்பு எதுவும் இல்லை, கறுத்துப் பளபளத்தது. "இதற்கென்ன குறை நானா? இன்னும் பத்து வருடம் தாங்குமே" என்றார் மகன். நானா ஒன்றும் பேசாமல் கூரிய கத்தியை எடுத்து, அதனை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தார். உட்சுவர் ஊதிப் பெருத்து, நடுவே குண்டூசி நுழையும் அளவு துவாரமே எஞ்சியிருந்தது.

"கால் அமத்துற பெலத்துக்கு ஒயில் உள்ளுக்குப் போகும் தம்பி. திரும்பி வாறதுக்கு அந்தப் பெலம் இல்ல. பிரேக் பிடிச்சபடியே நிக்கும், சூடாகும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இன்னும் கொஞ்ச நாளில ஒண்டு அடைச்சிரும், இல்லாட்டி வெடிச்சிரும்" என்றார் அவர். அதுவரை ஒரு மூலையிலே பேசாதிருந்த தாயார் அப்பொழுது கூறியது நம் மனத்தைத் தொட்டது. "தம்பி, அப்பா இருந்திருந்தால் இதை எப்பவோ மாற்றியிருப்பார். அவர் காரை வைத்திருந்தது எங்களைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கத்தானே?" என்றார்.

வழக்கு அத்துடன் தீர்ந்தது. தந்தையின் நினைவைக் காப்பதும் தந்தை செய்திருக்கக்கூடியதைச் செய்வதும் ஒன்றே என்பதை மகன் உணர்ந்தார். பிளந்த ஹோஸும், தந்தையின் பாதம் தேய்த்து வழுவழுப்பாக்கிய மிதிபலகை இறப்பரும், வரவேற்பறைக் கண்ணாடி அலுமாரியில் அவருடைய மூக்குக்கண்ணாடியின் அருகே இடம்பெற்றன. காருக்குப் புதியன வந்தன.

இதிலிருந்து வாசகர்களுக்குப் பயன்படும் ஒரு வகுப்பை நாம் சொல்லலாம். பழைய காரின் இறப்பர்கள் மூன்று சாதியின.

முதலாவது, கேள்வியின்றி மாற்றவேண்டியவை. பிரேக் ஹோஸ்கள், பிரேக் சிலிண்டர்களின் இறப்பர்க் கிண்ணங்கள், பெற்றோல் செல்லும் இறப்பர்க் குழாய்கள், ரயர்கள் ஆகிய இவை கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் நம்பத்தக்கவை அல்ல. 2000ஆம் ஆண்டு முதல் செய்யப்பட்ட ரயர்களின் பக்கச் சுவரில் நான்கு இலக்கங்கள் காணப்படும்; முதல் இரண்டும் வாரத்தையும் பின் இரண்டும் ஆண்டையும் குறிக்கும். 1419 என்றிருந்தால், 2019இன் 14ஆம் வாரம் எனக் கொள்க. பத்தாண்டு கடந்த ரயர், பூ எவ்வளவு எஞ்சியிருப்பினும் கழிக்கத்தக்கது. நெடும் பயணத்துக்கு முன் ரயரின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோமே, அப்பொழுது சற்றுக் குனிந்து அந்த நான்கு இலக்கங்களையும் வாசித்துவிட்டாற் போதாதா?

இரண்டாவது, குறி கண்டதும் மாற்றவேண்டியவை. சக்கரங்களைத் தாங்கும் கைகளிலும் வில்களிலும் உள்ள புஷ்கள், எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் தாங்கும் இறப்பர்கள், தண்ணீர்க் குழாய்கள், விசிறிப் பட்டி, ஸ்ரியரிங் பொறியின் உறைகள் ஆகியவை இவ்வகையின. பள்ளத்தில் விழும்போது 'டக்' என்ற ஒலி, நின்ற இடத்தில் அதிகமாக நடுங்கும் எஞ்சின், அழுத்தினால் நொறுங்கும் அல்லது களிபோல அமுங்கும் குழாய் என்பன குறிகள்.

மூன்றாவது, பேணி வைத்திருக்கத்தக்கவை. கதவோர இறப்பர், பொனற்றின் கீழுள்ள சிறு தாங்கிகள், தளத்து விரிப்பு முதலியன இதில் அடங்கும். உயிருக்கு ஊறில்லாத இவ்விடங்களிலே பழமைப் பற்றுக்கு இடம் கொடுக்கலாம். ஆனால் கண்ணாடியைச் சுற்றிய இறப்பர் நீர் கசியவிட்டால், பற்று அங்கும் ஆகாது. மைனருக்குத் தனியான சட்டம் கிடையாது; உடலே எலும்பு. கசிந்த மழைநீர் விரிப்பின் கீழே தங்கித் தளத்தைத் தின்றுவிட்டால், சில்லறைச் செலவுக்குப் பயந்தவர் பெருந்தொகை கொடுக்க நேரிடும்.

மூன்றாம் வகையைப் பேணுவது எப்படி? சவர்க்கார நீரிற் கழுவி, நிழலில் உலர்த்தி, கிளிசரினோ சிலிக்கோன் கிறீஸோ மெல்லியதாகப் பூசினாற் போதும். மண்ணெண்ணெய், டீசல், பழைய எஞ்சின் ஒயில் ஆகியவற்றைத் தடவிப் பளபளப்பாக்கும் வழக்கத்தை அறவே விடவேண்டும். அவை இறப்பரினுள் ஊறி அதனை ஊதச் செய்து பலவீனமாக்கும். மூட்டுவலித் தைலங்களில் மணக்கும் விண்டர்கிறீன் எண்ணெயில் இறுகிய இறப்பரை ஊறவைத்தால் இளகும் என்று சிலர் கூறுவர். உண்மையே. ஆனால் அது ஊதுவதால் வரும் இளக்கம். எண்ணெய் ஆவியாகிப் போனதும் பழைய இறுக்கம் மீளும். அறுந்த சங்கிலியை ஒட்டவும், மிகுந்த பாலத்தை வெட்டவும் வல்ல தைலம் எதுவும் இல்லை.

இதனை மாணவர்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு இறப்பர் வளையங்களை எடுத்து, ஒன்றை ஆமணக்கெண்ணெயிலும் மற்றொன்றை மண்ணெண்ணெயிலும் ஓரிரவு ஊறவிடுங்கள். நெருப்பருகே மட்டும் வைக்காதீர்கள். மண்ணெண்ணெயிற் கிடந்தது வீங்கி வலுவிழந்திருக்கும். ஆமணக்கெண்ணெயிற் கிடந்தது ஏறக்குறைய முன்போலவே இருக்கும். முற்காலத்துப் பிரேக் திரவங்களில் ஆமணக்கெண்ணெய் சேர்ந்தமைக்குக் காரணம் இதுவே. இக்காலத் திரவங்கள் பெரும்பாலும் கிளைக்கோல் வகையைச் சார்ந்தவை. அவையும் இறப்பருக்கு இணக்கமானவை. திரவம் குறைந்துவிட்டதே என்று அவசரத்துக்கு எஞ்சின் ஒயிலை ஊற்றினால், அத்தொகுதியிலுள்ள அத்தனை கிண்ணங்களும் வீங்கிப் பாழாகும். இன்னொரு சோதனை: ஒரு வளையத்தை இரு ஆணிகளுக்கிடையே இழுத்துக் கட்டி வெளியிலும், மற்றொன்றைத் தளர்வாகத் தகரப் பெட்டியினுள்ளும் வைத்துச் சில வாரங்களின் பின் ஒப்பிடுங்கள். மேலே கூறிய ஓசோனின் கையெழுத்தை நீங்களே வாசிக்கலாம்.

மாற்றும்போது எதை வாங்குவது என்பதிலும் எச்சரிக்கை வேண்டும். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பழைய கார்களின் பாகங்கள் தேடிச் செல்வோர், "பெட்டி உடைக்காத ஒரிஜினல் சரக்கு" என்ற சொல்லில் மயங்குவதுண்டு. இரும்புப் பொருளாயின் அது புதையல்; இறப்பராயின் அது பொறி. பாவிக்காத இறப்பருக்கும் வயது உண்டு. இறப்பர்ப் பொருள்களைச் சேமித்து வைப்பது பற்றிய ஐ.எஸ்.ஓ. 2230 என்னும் சர்வதேச நியமம், இயற்கை இறப்பருக்கு 5 ஆண்டும், நைத்திரைல் இறப்பருக்கு 7 ஆண்டும், ஈ.பி.டி.எம்., சிலிக்கோன் வகைகளுக்கு 10 ஆண்டும் தொடக்க எல்லையாக வகுத்துள்ளது. நாற்பது ஆண்டு பெட்டியிற் கிடந்த பிரேக் கிண்ணம், பெட்டியிலிருந்து எடுக்கும்போதே கிழவன்தான். ஆகவே பிரேக் பாகங்களில் நியமக் குறியும் செய்த திகதியும் பார்த்தே வாங்குக.

எவ்விடத்துக்கு எவ்விறப்பர் என்பதும் அறியத்தக்கது. வெயிலும் காற்றும் படும் கண்ணாடி, கதவு ஓரங்களுக்கு ஈ.பி.டி.எம். சிறந்தது. அதன் பிரதான சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லாமையால் ஓசோனுக்கு அங்கே பிடி கிடைப்பதில்லை. ஆனால் பெற்றோலும் ஒயிலும் அதற்கு ஆகா. அவ்விடங்களுக்கு நைத்திரைல் போன்றவை வேண்டும். இங்கிலாந்தில் 2021 செப்ரெம்பர் முதல் 10 விழுக்காடு எதனோல் கலந்த பெற்றோலே வழமையான வகையாயிற்று. இந்தியாவில் இக்கலப்பு 2025இல் 20 விழுக்காட்டை எட்டியது. அந்நாடுகளிற் பழைய கார் வைத்திருக்கும் நம் உறவினர்கள், எதனோலைத் தாங்கும் குழாய்களையே பொருத்த வேண்டும். இடைவிடாது நெளியும் புஷ்களுக்கோ இயற்கை இறப்பர் இன்றும் முதல்தரம். பொலியுரேத்தேன் புஷ் நீடித்து உழைக்கும். ஆயின் அதிர்வைக் கூடுதலாக உள்ளே அனுப்பும்.

புஷ் மாற்றுவோர் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். காரைத் தூக்கிவைத்தபடி நட்டுகளை இறுக்கிவிடலாகாது. சக்கரங்கள் தரையில் ஊன்றிப் பாரம் ஏறியபின்னரே இறுதியாக இறுக்க வேண்டும். இல்லையேல் புதிய இறப்பர் முறுகிய நிலையிலேயே வாழ்ந்து சில மாதங்களிற் கிழிந்துவிடும். அவ்வாறே, துருப்பிடித்துக் குழி விழுந்த சிலிண்டரில் புதிய கிண்ணம் போடுவது ஓட்டைக் குடத்துக்குப் புது மூடி இடுவதற்கு ஒப்பாகும்.

இத்துணையும் கூறும்போது நம் நாட்டுக்கும் இறப்பருக்கும் உள்ள உறவு நினைவுக்கு வருகிறது. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவற்றுள் 1,919 நாற்றுகள் அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டன. அவற்றை வளர்க்கவென்றே தாழ்நிலத்தில் கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொட தோட்டம் உருவாயிற்று. கலகெதரவுக்குத் தென்மேற்கேயுள்ள கேகாலை மாவட்டம் இன்றும் இறப்பர் வளரும் பூமி. அகலவத்தையில் உள்ள நமது இறப்பர் ஆராய்ச்சி நிலையம், இத்துறையில் உலகின் மிகப் பழைமையானவற்றுள் ஒன்று. 1952இல் சீனாவுடன் செய்த ஒப்பந்தத்தின்மூலம் இறப்பரைக் கொடுத்து அரிசி பெற்று உண்ட நாடு இது. இத்தகைய நாட்டில், காலாவதியான ஓர் இறப்பர்க் கிண்ணத்தால் ஓர் உயிர் போகுமாயின், அதனை விதி என்று கூறிவிட முடியாது.

பழையதைப் போற்றுதல் நற்பண்பு. ஆனால் போற்றுதல் என்பது எதனையும் தொடாதிருத்தல் அன்று. கோயில்களில் மூலமூர்த்தி நிலைத்திருக்க, மருந்து சாத்திக் குடமுழுக்குச் செய்கிறோம். தேரின் மரச்சக்கரம் உளுத்தால் புதுச் சக்கரம் பூட்டுகிறோம். தேர் பழைய தேராகவே வீதி வருகிறது. காரும் அப்படியே. உலோகத்தைக் காத்து இறப்பரை மாற்றுகிறவரே பழைய காரை உண்மையில் வாழவைக்கிறார்.

நவராத்திரியில் ஆயுத பூசையன்று காருக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு மாலை சூட்டும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டு. அந்நாளை இறப்பர்களின் வயதைக் கணக்கிடும் நாளாகவும் கொண்டால் என்ன? ஒரு பயிற்சிக் கொப்பியில், எந்த ஹோஸ் எந்த ஆண்டில் மாற்றப்பட்டது, எந்த ரயர் எவ்வாரத்தில் செய்யப்பட்டது என்று வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டே எழுதுவியுங்கள். மாலை சூட்டுமுன் ஒருமுறை காரின் அடியிற் குனிந்து பாருங்கள். பூசை நிறைவெய்தும், அடுத்த இறக்கத்தில் மிதிபலகையும் உங்கள் காலுக்குக் கீழ்ப்படியும்.